இல்லாத கையும் சந்தைக் கண்ணாடியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

இல்லாத ஒன்று வலிக்குமா? இந்தக் கேள்வி எனக்குப் பாடப் புத்தகத்தில் கிடைத்ததன்று. பொன்மலையில், எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடைத்தது.

என் பெரியப்பா கரும்புச்சாறு வண்டி வைத்திருந்தவர். சந்தை நாள்களில் அவருடைய வண்டியைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாலை நேரம், கடைசிக் கரும்பைத் தள்ளுகையில் அவருடைய இடது கை உருளைகளுக்கிடையே அகப்பட்டுக்கொண்டது. எந்திரமும் தம்முடையது, கவனக் குறைவும் தம்முடையது என்று அவரே சொல்வார். முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட வேண்டியதாயிற்று. இரண்டு மாதத்தில் காயம் ஆறிற்று. வலி மட்டும் ஆறவில்லை. எடுத்துவிட்ட கைதான் வலித்தது!

"விரலெல்லாம் இறுக்கி மூடிக்கிட்டிருக்கும்மா. பிரிக்க முடியலே. நகம் உள்ளங்கையிலே ஏறுது" என்பார். இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். பெரியம்மா வேப்பிலை அடித்துப் பார்த்தார். விபூதி மந்திரித்து வாங்கி வந்தார். தெருவில் சிலர், வேலைக்குப் போகாமலிருக்க இது ஒரு சாக்கு என்று காதுபடவே பேசினார்கள். நானோ, விஞ்ஞானம் படிக்கப் போகிற பெண் என்ற மிடுக்கோடு ஒருநாள், "இல்லாத கை எப்படிப் பெரியப்பா வலிக்கும்? எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பதில் பேசவில்லை. அந்தப் பார்வைக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. இந்தக் கட்டுரை அக்கடனில் ஒரு பகுதி.

சென்ற ஆண்டு எங்கள் விரிவுரையாளர் ஒருவர் ஒளியியல் நடத்தும்போது, சமதள ஆடியைப் பற்றிப் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். கையிழந்தோரின் வலியைக் குறைக்க ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்திய மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவர் நம் தமிழ்நாட்டில் படித்தவர் என்றார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் பேருந்துக்கு ஓடினார்கள். நான் நூலகத்துக்கு ஓடினேன். அங்கே தொடங்கி நான் தேடிப் படித்தவற்றையும், படித்தபின் எனக்குள் எழுந்த கருத்துகளையும் இங்கே நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

அந்த மருத்துவர் விளையனூர் எஸ். இராமச்சந்திரன். 1951-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிடி கல்லூரியில் ஆராய்ந்து 1978-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1983-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உளவியல் துறை ஆசிரியராகச் சேர்ந்தார். மூளையின் செயல்களை ஆராயும் நரம்பியல் விஞ்ஞானியாக உலகப் புகழ் பெற்றார். 2003-இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை ஆற்றும்படி அழைக்கப்பட்டார். 2007-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது.

இவையெல்லாம் புகழ்ப் பட்டியல். இதைக் கண்டு நான் வியந்தேன்; ஆனால் நெஞ்சில் தைத்தது வேறொரு செய்தி. 1972-ஆம் ஆண்டு, ஸ்டான்லியில் மாணவராக இருந்தபோதே, 'நேச்சர்' என்னும் உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சி இதழில் இன்னொருவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. இரண்டு கண்களுக்கும் வெவ்வேறு நிறத் தகடுகளை வைத்தால் மூளை இரு நிறங்களுக்கிடையே தடுமாறுகிறது. அப்படித் தடுமாறும்போதும் ஆழத்தை உணரும் ஆற்றல் கெடுவதில்லை என்பதே அதன் சாரம். அப்போது அவருக்கு வயது 20.

எனக்கும் வயது 20. நான் இந்த ஆண்டு எழுதியது என்ன என்று எண்ணிப் பார்த்தேன். நியூட்டன் வளையங்கள், காற்று ஆப்பு, நிறமாலைமானி என்று ரெக்கார்டு நோட்டு எழுதியிருக்கிறேன். அதிலும் பாதி, மூன்றாம் ஆண்டு அக்காமார்களின் நோட்டைப் பார்த்து எழுதியது. உண்மையை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை; ஒப்புக்கொள்ளாவிட்டால் இக்கட்டுரையை எழுத எனக்குத் தகுதியுமில்லை.

இனி, இல்லாத கைக்கு வருவோம். உறுப்பை இழந்த பின்னும் அது இருப்பதுபோல் உணர்வது புதிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த படைவீரர்களிடம் இதைக் கண்ட மருத்துவர் வேர் மிட்செல் 1871-இல் இதற்கு 'மாய உறுப்பு' என்ற பொருளில் பெயரும் வைத்துவிட்டார். உறுப்பை இழந்தவர்களில் மிகப் பலருக்கு இவ்வுணர்வு உண்டு. அவர்களில் பலருக்கு அது வலியாகவும் இருக்கிறது. ஆகவே என் பெரியப்பா நடிக்கவுமில்லை. அவரைப் பேய் பிடிக்கவுமில்லை.

நம் மூளையின் மேற்பரப்பில் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. கைக்கு ஓரிடம், காலுக்கு ஓரிடம், முகத்துக்கு ஓரிடம். கனடா நாட்டு அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி இதைக் கண்டறிந்தார். இந்த வரைபடத்தில் கையின் இடத்துக்குப் பக்கத்து வீடு முகத்தின் இடம். கை போய்விட்டாலும் மூளையில் அதன் இடம் போய்விடுவதில்லை.

இராமச்சந்திரன் கையிழந்த இளைஞர் ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் அவருடைய கன்னத்தைத் தொட்டார். அந்த இளைஞர், கன்னத்தில் மட்டுமன்றி, இல்லாத கட்டைவிரலிலும் தொடுவதுபோல் இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டுக்காரராகிய முகம், காலியாகக் கிடந்த கையின் இடத்துக்குள் குடிபுகுந்துவிட்டது என்று இராமச்சந்திரன் விளக்கம் சொன்னார். 1992-இல் இது 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. முதிர்ந்த மனிதரின் மூளை மாறாது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பஞ்சுக் குச்சி அந்த நம்பிக்கையை அசைத்தது.

அடுத்தது கண்ணாடி. மூடிய விரல்களைத் திறக்கும்படி மூளை ஆணையிடுகிறது. 'திறந்துவிட்டேன்' என்று திருப்பிச் சொல்லக் கை இல்லை. கண்ணாலும் காண முடிவதில்லை. ஆணை மேல் ஆணை, பதில் இல்லை. இந்தக் குழப்பத்தில் மூளை அந்தக் கை செயலற்றுப் போனதாகவே கற்றுக்கொள்கிறது என்று இராமச்சந்திரன் கருதினார். கண்ணுக்கு மட்டும் ஒரு பதிலைக் கொடுத்துப் பார்த்தால் என்ன? ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். நல்ல கையைக் கண்ணாடியின் ஒரு பக்கம் வைக்கச் சொன்னார். அதன் பிம்பம் இல்லாத கை இருக்க வேண்டிய இடத்திலே தெரிந்தது. நல்ல கையை விரித்தால் இல்லாத கையும் விரிந்தது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்த மாயக் கை அசைந்தது. சிலருக்கு இறுக்கம் தளர்ந்தது. எல்லாருக்கும் பயன்பட்டது என்று அவரும் சொல்லவில்லை. இந்த ஆராய்ச்சி 1995-இலும் 1996-இலும் வெளிவந்தது.

இயற்பியல் மாணவ நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள்! சமதள ஆடியில் பிம்பம் ஆடிக்குப் பின்னால், பொருள் இருக்கும் அதே தொலைவில் தோன்றும். இடவல மாற்றம் அடைந்திருக்கும். இதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். வலது கையின் பிம்பம் இடது கைபோலத் தோன்றும் என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. எத்தனை ஆயிரம் பேர் அந்த வரியை எழுதியிருப்போம்! அந்த வரி ஒருவருடைய வலியைத் தொடக்கூடும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. என் பெரியப்பா அடுத்த திண்ணையில் வலியோடு உட்கார்ந்திருந்தபோதும் தோன்றவில்லை.

இந்த ஆராய்ச்சி பிறருக்கு என்ன பயன் தந்தது? ஓர் ஆராய்ச்சியாளரின் மதிப்பை விருதுகளைக் கொண்டு அளப்பதைவிட, அவர் விட்ட இடத்திலிருந்து எத்தனை பேர் தொடர்ந்தார்கள் என்று அளப்பதே முறை. 1999-இல் இராமச்சந்திரனும் அவருடைய கூட்டாளிகளும் பக்கவாதத்தால் கை முடங்கிய 9 பேரிடம் கண்ணாடியைச் சோதித்தனர். 2007-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் காலிழந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஒரு குழு கண்ணாடியில் பார்த்தது. மற்றொன்று மூடிய கண்ணாடியைப் பார்த்தது. மூன்றாவது மனத்தால் மட்டும் கற்பனை செய்தது. ஆராய்ச்சியை முடித்தவர்கள் 18 பேர். கண்ணாடியில் பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. பக்கவாதத்துக்குக் கண்ணாடி உதவுமா என்பது குறித்து 2018-இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு 62 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து, கைகால் இயக்கம் ஓரளவு மேம்படுகிறது என்ற முடிவுக்கு வந்தது. மாய உறுப்பு வலியைப் பொறுத்தவரை சான்றுகள் இன்னும் போதுமான அளவு சேரவில்லை. ஆயினும், விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாத ஊரிலும் செய்து பார்க்கக்கூடிய ஒரு வழி பிறந்துவிட்டது அல்லவா?

அவருடைய முறையைப் பொன்மலைக்காரர்களுக்கு விளக்குவது மிக எளிது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1928-இல் நம் ஊருக்கு வந்தது. அன்று முதல் எந்திரத்தோடு வாழ்ந்த மக்கள் நாம். பழுதான எந்திரத்தைப் பார்த்துத்தான் எந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கற்றுக்கொள்கிறோம். நன்றாக ஓடுவதை யார் திறந்து பார்க்கிறார்கள்? இராமச்சந்திரன் செய்ததும் அதுதான். பெற்ற தாயைப் பார்த்து, 'இவள் என் தாயைப்போல் வேடமிட்ட வேறொருத்தி' என்று சொல்லும் அரிய நோயாளியைக் கண்டால், மற்றவர்கள் பைத்தியம் என்று ஒதுக்குவார்கள். அவரோ, முகத்தை அறியும் மூளைப் பகுதிக்கும் அன்பை உணரும் பகுதிக்கும் இடையே ஏதோ ஓர் இணைப்பு அறுந்திருக்குமோ என்று கேட்டார். நோயாளி சொல்வதை நம்பிக் கேட்பதிலிருந்தே அவருடைய விஞ்ஞானம் தொடங்கியது. நான் என் பெரியப்பாவிடம் செய்யத் தவறியதும் அதுவே.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவரைப் பூஜை அறையில் வைத்துவிட்டால் நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றே பொருள். அவர் சொன்ன பலவற்றைப் பிற்காலத்தவர் மறுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குடிபுகுந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் தாமார் மாக்கின் என்ற பெண் விஞ்ஞானியும் குழுவினரும், வலி மிகுந்தவர்களின் மூளையில் கையின் இடம் அழியாமல் பெரும்பாலும் அப்படியே இருப்பதைக் கண்டனர். 2025-இல் அவரும் பிறரும் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் ஒருபடி மேலே சென்றது. கையை எடுப்பதற்கு முன்பே 3 பேருடைய மூளையைப் படம் பிடித்தார்கள். எடுத்த பின்பும் தொடர்ந்து படம் பிடித்தார்கள். கையின் வரைபடம் மாறாமல் இருந்தது. உதடு அந்த இடத்தைக் கைப்பற்றிக்கொள்ளவில்லை. கன்னத்தைத் தொட்டபோது அந்த இளைஞர் கையிலும் உணர்ந்தார் என்பது பொய்யாகிவிடவில்லை. அதற்குச் சொன்ன விளக்கந்தான் ஆட்டங்கண்டிருக்கிறது.

'கண்ணாடி நரம்பணுக்கள்' பற்றி அவர் எழுதியதும் அவ்வாறே. பிறர் செய்வதைப் பார்க்கும்போதும், நாமே செய்யும்போதும் இயங்கும் அணுக்கள் இவை. இத்தாலியில் குரங்குகளிடம் கண்டறியப்பட்டவை. உயிரியலில் டி.என்.ஏ. செய்த புரட்சியை இவை உளவியலில் செய்யும் என்று 2000-இல் அவர் முழங்கினார். மதியிறுக்கத்துக்கு இவற்றின் குறைபாடு காரணமாகலாம் என்றும் எழுதினார். பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கருத்துக்கு வலுவான ஆதரவு தரவில்லை. கூர்முனை உருவத்தையும் வளைந்த உருவத்தையும் காட்டி, 'கிகி' எது, 'பூபா' எது என்று கேட்டால், 95 விழுக்காட்டினருக்கு மேல் கூர்முனையையே கிகி என்பார்கள் என்று 2001-இல் அவரும் ஹப்பர்டும் எழுதினர். 25 மொழி பேசுவோரிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனையில் அது ஏறத்தாழ 72 விழுக்காடாக இருந்தது. கருத்து நின்றது, அளவு குறைந்தது.

சிலர் இதைக் கேட்டு, "அப்படியானால் அவர் தவறானவரா?" என்று கேட்பார்கள். என் கருத்து வேறு. சோதித்துப் பார்க்கக்கூடிய வகையில் தெளிவாகச் சொன்னதால்தான் அவரைத் திருத்த முடிந்தது. ஒருவர் தம் கருத்தை எவராலும் மறுக்க முடியாதபடி மழுப்பிச் சொன்னால் அவர் என்றும் தோற்கமாட்டார். அவரால் அறிவும் வளராது. அதே சமயம், சான்று சேருமுன் முழங்குவது எவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கும் அழகன்று என்பதையும் நாம் சொல்லத் தயங்கக் கூடாது. நம் நாட்டவர், நம் மொழிக்காரர் என்பதற்காகப் பிழையை மறைப்பது அவருக்கும் பெருமையாகாது.

இனி, இக்கட்டுரையின் உயிரான இடத்துக்கு வருகிறேன். மேடைகளில், "இராமச்சந்திரனைப் பார்! இராமனைப் பார்! உன்னால் முடியாதா?" என்று எங்களைக் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள், ஆனால் கதையில் பாதியை விட்டுவிடுகிறார்கள். இராமச்சந்திரனின் தாய்வழிப் பாட்டனார் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். நம் அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்தவர். தந்தையார் பொறியாளர், ஐக்கிய நாடுகள் அமைப்பில் பணிபுரிந்தவர். சிறு வயதிலேயே வீட்டில் ரசாயனப் பரிசோதனை செய்து பார்க்க அவருக்கு இடமும் ஊக்கமும் இருந்தன. காவிரிக்கு அக்கரையில், திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி.வி. இராமனின் தந்தையாரும் ஆசிரியர். அந்த வீடுகளில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், பதிலோ புத்தகமோ கிடைத்திருக்கும்.

என் தந்தையார் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நான் சிறுமியாக இருந்தபோது, "நிலா ஏம்மா கூடவே வருது?" என்று கேட்டால், "சும்மா வா, நேரமாச்சு" என்பதே பதில். அம்மாவிடம் குறை சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே நேரமாகிவிட்டிருந்தது! கேள்வி கேட்பதற்கும் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு எங்கள் வீடுகளில் மூன்று தலைமுறையாக இருந்ததில்லை. இந்த வகுப்பறைகளில் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பது பேராசிரியர்களுக்குத் தெரியும்.

ஆனால் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. ஸ்டான்லி ஓர் அரசு மருத்துவக் கல்லூரி. இராமன் 1906-இல், 18 வயதில், தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டபோது படித்துக்கொண்டிருந்த சென்னை மாநிலக் கல்லூரியும் அரசுக் கல்லூரியே. 1950-இல் டாக்டர் பா. இராமமூர்த்தி மூளை அறுவை மருத்துவப் பிரிவைத் தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில். ஆகவே அரசுக் கட்டடத்துக்குள் கேள்வி முளைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. வீடு கொடுக்காததைக் கல்லூரி கொடுக்க வேண்டும். முதல் தலைமுறை மாணவனுக்குக் கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கற்றுத் தரும் வீடு கல்லூரிதான். வேறு வீடு அவனுக்கு இல்லை.

கல்லூரி அதைக் கொடுக்கிறதா? முழுமையாகக் கொடுக்கவில்லை என்பதே என் தாழ்மையான கருத்து. செய்முறை வகுப்பில் விடை முன்பே தெரிந்திருக்கிறது. சோடியம் விளக்கின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்று தெரியும். 5700 வந்தால் நாங்கள் அளவீட்டைத் திருத்தி 5893-க்கு அருகில் கொண்டுவந்து விடுகிறோம். ஏன் 5700 வந்தது என்று கேட்பதில்லை. அந்த 'ஏன்' என்பதில்தான் விஞ்ஞானம் இருந்தது. அதை அழிப்பானால் அழித்துவிட்டோம்.

குறை சொல்லிவிட்டு ஓடுவது சுலபம். ஆகவே மூன்று கோரிக்கைகளைப் பணிவுடன் வைக்கிறேன். முதலாவது, ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி, 'இச்சோதனையில் எனக்கு எழுந்த ஒரு கேள்வி. அதை நான் எப்படிச் சோதிப்பேன்' என்று எழுதச் செய்ய வேண்டும். அகமதிப்பீட்டில் ஓரிரு மதிப்பெண் அதற்குக் கொடுத்தால் போதும். இரண்டாவது, வாரத்தில் ஒரு பிற்பகல், ஒரு மணி நேரம், பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்து பார்க்க ஆய்வகத்தைத் திறந்து வைக்க வேண்டும். மூன்றாவது, அடுத்த ஆண்டு இம்மலரில் இரண்டு பக்கத்தை மாணவர்களின் கேள்விகளுக்கென ஒதுக்க வேண்டும். அக்கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்க வேண்டியதில்லை.

"பாடத்திட்டம் முடிக்கவே நாள் போதவில்லை, கருவிகளும் போதவில்லை" என்று விரிவுரையாளர்கள் கூறக்கூடும். அவர்களுடைய சுமையை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் எல்லாக் கேள்விக்கும் கருவி வேண்டியதில்லை. 1988-இல் இராமச்சந்திரன் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக்கு வட்டங்களும் நிழலுமே போதுமாயிருந்தன. ஒரு காகிதத்தில் சில வட்டங்கள் வரைந்து, மேல்பாதி வெளுத்தும் கீழ்ப்பாதி கறுத்தும் வர நிழலிட்டுப் பாருங்கள். அவை முட்டைபோல் புடைத்துத் தெரியும். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், அவையே குழிகளாகிவிடும். ஒளி எப்போதும் மேலேயிருந்து வரும் என்று நம் மூளை வைத்திருக்கும் பழைய நம்பிக்கைதான் காரணம். இதற்கு வேண்டிய கருவி ஒரு பென்சில். நான் இதைப் பேருந்தில் என் தோழிகளிடம் காட்டினேன். ஒருத்தி உடனே, "தலையைக் கீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தால் என்ன ஆகும்?" என்று கேட்டாள். ஆராய்ச்சி என்பது அப்படித்தான் தொடங்கும் போலும்!

கடைசியாகப் பெரியப்பாவின் செய்தி. சந்தையில் ஒரு நீளக் கண்ணாடி வாங்கினேன். அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவில் முதலில் கேட்டுக்கொண்டு, அவர்கள் சொன்னபடியே திண்ணையில் பெரியப்பாவின் முன் அதை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். வலது கையை இறுக்கி மூடச் சொல்லி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெல்ல விரிக்கச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பிரியுதும்மா" என்றார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு தூங்கினார். மறுநாள் காலை வலி திரும்பியது. நாள்தோறும் கால் மணி நேரம் என்று மூன்று மாதமாகச் செய்துவருகிறார். வலி வராத நாள்கள் கூடியிருக்கின்றன. வலி அடியோடு போய்விடவில்லை. ஒரே ஒருவருடைய அனுபவம் சான்றாகாது என்பதும், கண்ணாடி இல்லாமலே அது குறைந்திருக்கக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னதை நம்பாமற்போன என் பிழைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க முடிந்தது. "படிக்கிற புள்ளே, அப்ப உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார்.

சென்ற வாரம் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இந்தக் கையிலே ஒரு மோதிரம் போட்டா, அந்தக் கையிலேயும் தெரியுமே. அப்ப அந்த விரலும் கனக்குமா?" என்று கேட்டார். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர் கேட்ட கேள்வி இது. எனக்கு விடை தெரியவில்லை. என் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில், சொன்னவர் பெயருடன், தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறேன். நண்பர்களே, உங்கள் நோட்டின் கடைசிப் பக்கமும் இன்னும் காலியாகத்தானே இருக்கிறது?